பதினோரு அழைப்புகளில் நான்காவது

1

நெதர்லாந்தில் வசந்தம் வந்துவிட்டதை எனக்கு இரண்டு விஷயங்கள் அறிவிக்கும். ஒன்று டூலிப் பூக்கள். இன்னொன்று, எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுப்பும் வருடாந்திரப் படிவம். டூலிப்பைப் பார்க்க உலகமே வரும். படிவத்தைப் பார்க்க நான் ஒருவன்தான்.

அதில் ஒரு கேள்வி: 'உங்கள் ஆய்வினால் பங்கேற்றவர் எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஐந்து வருடமாக 'இல்லை'யைத் தட்டிவிட்டுக் காபி போடப் போயிருக்கிறேன். இந்த வருடம் 'ஆம்' என்று தட்டினேன். உடனே ஒரு சின்னப் பெட்டி திறந்து, சுருக்கமாக விவரிக்கச் சொன்னது. 'ஒரு பெண்ணின் இடது காது' என்று தொடங்கினேன். இரண்டாவது பத்தியிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. அதில் அடங்காததை உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் நீங்கள். கன்னத்தில் விழும் அடியின் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு அடிக்குறிப்பு போட வேண்டியதில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மக்கள் ஏன் கை கழுவுவதில்லை, ஏன் ஊசி போட்டுக்கொள்ளத் தயங்குகிறார்கள், பள்ளிக்கூடத்தை மூடினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதையெல்லாம் பொருளாதாரக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற வேலை. 'ஊரார் வீட்டு விஷயத்தை நோண்டுறதுக்கு ஒரு டாக்டர் பட்டம்' என்பார் என் மனைவி. இருபது வருடமாக நான் நம்பி வந்தது ஒன்றுதான்: மனிதனுக்குச் சரியான தகவல் கொடுத்தால் அவன் நடத்தை மாறும். என்னிடம் ஒரு தகவல் இருந்தது. ஐந்து வருடம் இருந்தது.

2

அடி வாங்கிய கதைகளை நாங்கள் நகைச்சுவையாகத்தான் சொல்வோம். திருச்சியில் என்னோடு படித்தவர்கள் கூடினால் முதல் அரை மணி நேரம் அதுதான். கணக்கு வாத்தியார் மரஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். ஒருமுறை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு விரல் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் பரீட்சை எழுதவில்லை. 'அடி வாங்கினதே எழுதாததுக்குத்தான். இப்ப எழுத முடியாததுக்கு யார் அடிப்பா?' என்று அவனே கேட்டான். வகுப்பே உருண்டு சிரித்தது.

இந்தக் கதையை இங்கே ஒரு விருந்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்த டச்சு மொழியில், முகபாவத்தோடு. ஒருவரும் சிரிக்கவில்லை. சக பேராசிரியை ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவரைக் கைது செய்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை. ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தினோம். பேசியது நான்தான்."

அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் மகள் நிலா, "அப்பா, அந்தப் பையன் அப்புறம் படிச்சானா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கதை சிரிப்போடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு யாரும் விசாரிப்பதில்லை. நல்ல நகைச்சுவைக்கு அதுதான் இலக்கணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

ஊரடங்கின் முதல் வருடம். இங்கே நிலா தன் அறையில், தன் மடிக்கணினியில், தனக்கென்று வாங்கிய ஹெட்போனோடு ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவின் சட்டைப் பையில். பள்ளிக்கூடம் அந்தச் சட்டைப் பைக்குள் போய்விட்டால் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், என்ன ஆவார்கள் என்று போனிலேயே கேட்டு அறியத் திட்டம் போட்டோம். கை கழுவுவது, மாஸ்க், சாப்பாடு, தூக்கம், படிப்பு என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிப் பகுதியில், நான் எழுதிய ஒன்று: 'கடந்த ஏழு நாட்களில் வீட்டில் யாராவது உங்களை அடித்தார்களா?'

திருச்சியில் இதை நடத்தியவர் வசந்தா. எடமலைப்பட்டி புதூர்க்காரர், முன்னாள் பள்ளி ஆசிரியை. அவருக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் தங்கள் வீடுகளிலிருந்தே போன் செய்வார்கள். வசந்தா போட்ட சட்டங்கள் மூன்று. பெண்களிடம் பெண்கள்தான் பேச வேண்டும். எடுத்தவர் தனியாக இருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். பக்கத்தில் ஆள் வந்த மாதிரி இருந்தால் உடனே ரேஷன் அரிசியைப் பற்றிப் பேச்சை மாற்ற வேண்டும்.

அருமையான சட்டங்கள். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அவற்றை எழுதி ஒப்புதல் வாங்கியதும் நான்தான், மீறியதும் நான்தான்.

காரணம் ஆராய்ச்சி இல்லை, ஏக்கம். மாதக்கணக்கில் வெளியே போகவில்லை. வீட்டில் நிலாவின் தமிழ் 'சரிப்பா'வில் வந்து நின்றுவிட்டது. மாதிரிக்காகச் சில அழைப்புகளை நானே செய்கிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன்.

"சார், நீங்க ஆம்பளைங்க."

"நான் ஸ்ரீரங்கத்துக்காரன் வசந்தா. என் தமிழைக் கேட்டா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"தமிழை யாரு சார் சொன்னா? குரலைச் சொன்னேன்."

பதினோரு எண்களை வாங்கிக்கொண்டேன். இங்கே காலை, அங்கே நண்பகல். முதல் அழைப்பில் பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. இரண்டாவதில் தண்ணீர் லாரிக்காக யாரோ குடத்தை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். 'சொல்லுங்க சார்', 'அட ஆமாங்க' என்று காதில் விழ விழ, ஓசியில் ஊருக்குப் போய் வந்த மாதிரி இருந்தது. கேள்விகளுக்கு நடுவில் ஒரு ஜோக்கையும் செருகினேன். "இருபது நொடி கை கழுவணுமாம்மா. அதுக்கு ஹேப்பி பர்த்டே பாட்டை ரெண்டு தடவை பாடணும்னு வெள்ளைக்காரன் சொல்றான். நம்ம வீட்ல சோத்துக்கு முன்னாடி தினமும் யாருக்குப் பொறந்தநாள் கொண்டாடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த எண்ணை அழுத்தினேன் என்று சொன்னால் அது பொய்யாகாது.

4

நான்காவது எண், அரியமங்கலம். எடுத்தவர் ஆரோக்கியமேரி. கணவர் சவரிமுத்து லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். பட்டறை மூடிக் கிடந்தது. மகள் ஜெனிபர் எட்டாம் வகுப்பு. இப்போதுதான் கிளாஸ் முடிந்தது, போன் சூடாக இருக்கிறது என்றார் ஆரோக்கியம்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டேன், தனியாக இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அவர் அவ்வளவு கலகலப்பாகப் பேசினார். நான் தட்டச்சு செய்ய வசதியாக என் போனை மேசையில் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். எதிரே நிலா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

ஜோக்கைச் சொன்னேன். ஆரோக்கியம் மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தார். "ஐயோ சார், எங்க வீட்டுக்காரருக்குப் பொறந்தநாளே தெரியாது" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதே சூட்டில் அந்தக் கேள்விக்கு வந்தேன்.

"சேச்சே, எங்க வீட்ல அதெல்லாம் இல்ல சா..."

ஈரத் துணியைக் கல்லில் ஒரே ஒரு முறை அடித்த மாதிரி ஒரு சத்தம். ஒரு மூச்சு. தரையில் ஏதோ விழுந்து சிதறியது. பிறகு ஒன்றுமில்லை.

"என்னப்பா அது?" என்றாள் நிலா.

"கதவு."

படிவத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று குறித்தேன். அவர் அப்படித்தானே சொன்னார். அழைப்பின் முடிவு என்ற இடத்தில் 'இணைப்பு அறுந்தது' என்று குறித்தேன். அன்று மாலை வசந்தா, "சார், நாலாவது ஏன் பாதியில நிக்குது?" என்று கேட்டார்.

"நெட்வொர்க்."

"நெட்வொர்க்கா சார்?" என்று இன்னொரு முறை கேட்டார். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசியிருந்தால் வசந்தாவுக்குப் புரிந்திருக்கும்.

5

இந்த வருடம் பழைய வீடுகளைத் தேடிப் போகும் சுற்றுக்காகத் திருச்சி வந்து, ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். போன் எண் மாறி, வீடு மாறி, எங்கள் கையை விட்டுப் போன குடும்பங்களை வசந்தா கால்நடையாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை அவரிடமிருந்து அழைப்பு.

"சார், நாலாவது நம்பர் கெடைச்சிடுச்சு. தில்லை நகர்ல ஒரு கிளினிக்ல கூட்டிப் பெருக்குறாங்க. உங்களைக் கேக்குறாங்க. 'ஸ்ரீரங்கத்து சார்'னு."

கிளினிக் வாசலில், இருசக்கர வண்டிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில், ஆரோக்கியம் நின்றிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் என்னைச் சுற்றி வந்து மறுபக்கம் நின்றார்.

"இந்தப் பக்கமா பேசுங்க சார். அந்தக் காது கேக்காது."

"எப்பலேர்ந்தும்மா?"

"நீங்க போன் பண்ண அன்னிலேர்ந்து."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார். அன்று சவரிமுத்து பின்னால் நின்றிருக்கிறார். போனில் என் குரல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கிறது, மனைவி ஏதோ ஒரு ஆணிடம் சிரிப்பதைக் கேட்டிருக்கிறார். போன் வைத்திருந்த காதிலேயே, போனோடு சேர்த்து அடித்திருக்கிறார். பிறகு போனை அம்மிக்கல்லில் போட்டு உடைத்தார். ஜெனிபரின் வகுப்பு வந்துகொண்டிருந்தது அந்தப் போனில்தான். பள்ளி திறந்தபோது ஜெனிபருக்கு எதுவும் புரியவில்லை. ஒன்பதாவதில் நின்றுவிட்டாள்.

"காதும் போச்சு, படிப்பும் போச்சு. ஒரே அடியில ரெண்டு. சிக்கனமான மனுஷன்" என்றார் ஆரோக்கியம்.

அதற்குப் பிறகு அடி நின்றபாடில்லை. 'யாருடி அவன்' என்று கேட்டுக் கேட்டு அடிப்பாராம். ஜெனிபர் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வராகப் பத்தாவது பாஸ் செய்துவிட்டாள். பன்னிரண்டாவதுக்குத் தானே ஒரு போன் வாங்கிப் பாட வீடியோக்கள் பார்த்து வந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால், வீடியோவில் வாத்தியார் ஏதோ சொன்னதற்குச் சிரித்திருக்கிறாள். சவரிமுத்து இரும்புக் கம்பியால் அவள் கையை உடைத்துவிட்டார். வீடியோவில் இருந்ததும் ஆண் குரல்.

இப்போது தாயும் மகளும் எடமலைப்பட்டி புதூரில் ஆரோக்கியத்தின் தங்கை வீட்டில். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை.

"அவரு நல்ல மனுஷன் மாதிரி பேசுவாரு சார். ஒரு தடவை கோவத்துல பட்டுடுச்சும்பாரு. என் காதுக்கு ஆஸ்பத்திரி சீட்டுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு நானே சொல்லித் தொலைச்சிட்டேன். இத்தனை வருஷம் அடிச்சதுக்கு ஒரு சாட்சி கெடையாது. எழுதி வாங்கிக்கிட்டு எங்களை அவரோட அனுப்பிட்டாங்கன்னா, அடுத்தது என் பொண்ணோட தலைதான்." நல்ல காதை என் பக்கம் திருப்பினார். "அன்னிக்கு அந்தச் சத்தத்தை நீங்க கேட்டீங்கல்ல சார்? வந்து சொல்வீங்களா?"

6

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, முதல் வேலையாக ஒழுக்கத்தைத் தேடினேன். பங்கேற்றவரின் ரகசியத்தை வெளியிடலாமா என்று நெறிமுறைக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். வசந்த விடுமுறை, பத்து நாள் கழித்துப் பதில் தருகிறோம் என்று இயந்திரம் பதில் போட்டது. வசந்தாவிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"ரகசியம் யாரோடது சார்?"

"ஆரோக்கியத்தோடது."

"கூப்பிடுறது யாரு?"

அக்காவிடம் சொன்னேன். அக்கா பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். "போலீஸ் ஸ்டேஷனா? நன்னாருக்கு. ஊருக்கு வந்தோமா, பெருமாளைச் சேவிச்சோமான்னு இருக்கப்படாதா நோக்கு? நாளைக்கு உன் உத்தியோகத்துக்கு ஒண்ணு வந்துடுத்துன்னா?"

அக்கா சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள். நான் பயந்தது ரகசியத்துக்கு அல்ல. ஐந்து வருடம் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டவன் இப்போது 'கேட்டேன்' என்று சொன்னால் என்னை என்ன செய்வார்கள் என்றுதான் பயந்தேன்.

நெதர்லாந்துக்குப் போன் செய்தேன். மனைவி வெளியே போயிருந்தார். நிலா எடுத்தாள். வேறு பேச ஆளில்லாமல் அவளிடமே சொன்னேன். பதினைந்து வயதுப் பெண். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு அவளுடைய உடைந்த தமிழில் சொன்னாள்.

"அது கதவு இல்லன்னு எனக்குத் தெரியும்பா. நம்ம கதவு அப்படிச் சத்தம் போடாது."

"ஏன் அப்பவே கேக்கலை?"

"நீ அடுத்த போன் பண்ணிட்டே. நீ சிரிச்சிட்டு இருந்தே. அப்ப பரவால்ல போலன்னு நெனச்சேன்."

7

காவல் நிலையத்தில் சவரிமுத்து எங்களுக்கு முன்பே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. ஜெனிபர் கையில் மாவுக்கட்டோடு சுவரோரம் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரு, அண்ணனா?" என்றார்.

"இல்லைங்க மேடம், ஆய்வாளர்."

"நானும் ஆய்வாளர்தான். ஒரு ஸ்டேஷனுக்கு ஒருத்தர் போதும். ஓரமா உக்காருங்க."

சவரிமுத்து மெதுவாக, நிதானமாகப் பேசினார். "நான் அடிக்கிற ஆளு இல்லைங்க மேடம். பட்டறையில கேட்டுப் பாருங்க. பொண்ணு கெட்டுப் போயிடக் கூடாதேன்னு ஒரு தடவை கை நீண்டுடுச்சு. இவதான் மேடம், கொரோனா காலத்துலேர்ந்தே போன்ல எவன்கிட்டயோ சிரிச்சிச் சிரிச்சிப் பேசிப் பழகிட்டா. கேட்டா சர்வேங்கிறா. எந்த ஊர்ல மேடம் சர்வேல சிரிப்பாங்க?"

"எவன்கிட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் எழுந்தேன். கால் என் பேச்சைக் கேட்காமலே எழுந்துவிட்டது. "என்கிட்டதாங்க மேடம். சர்வேதான். இவங்க பேசிட்டு இருந்தப்ப அடி விழுந்துச்சு. என் காதால கேட்டேன்."

சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் தெரியாதவனைக் குரலால் அடையாளம் பிடிக்கிற சாய்வு அது.

"ஹேப்பி பர்த்டே" என்றார். "நீதானாடா?"

மேசையைத் தாண்டி வந்ததை நான் பார்க்கவில்லை. இருபது வருடம் இரும்பைப் பிடித்த கை. கண்ணாடி பறந்தது. இடது காதுக்குள் ஒரு சங்கு ஊத ஆரம்பித்தது. நாற்காலியோடு விழுந்தேன். விழுந்த இடத்தில் விலாவில் இரண்டு உதை. மூன்றாவதுக்கு முன்னால் இரண்டு பெண் காவலர்கள் அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. எங்கள் துறையில் இதை நேரடித் தரவு என்பார்கள். என் வாழ்நாளில் நான் சேகரித்த ஒரே நேரடித் தரவு இதுதான்.

"அடிக்கிற ஆளு இல்லன்னீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர், எழுந்திருக்காமல். "ஏட்டம்மா, எஃப்.ஐ.ஆர். எழுதுங்க. இவரு வெளியில போக வேண்டாம்."

என்னை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஜெனிபர் என் கண்ணாடியை நல்ல கையால் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரு அடிதான் சார் வாங்குனீங்க, அதுக்கே தண்ணி கேக்குது" என்றாள். கேலியா, ஆறுதலா என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை.

என் வாக்குமூலத்தை எழுதினார்கள். பெயர், தொழில், விலாசம், என்ன சத்தம், எவ்வளவு நேரம். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னேன். கேள்வி கேட்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அத்துபடி.

"சரி, சத்தம் கேட்டீங்க. அப்புறம் என்ன பண்ணீங்க?"

அப்போது ஊரடங்கு, நான் இருந்தது வெளிநாடு, எங்கள் நடைமுறைப்படி இணைப்பு அறுந்தால் என்று ஆரம்பித்தேன்.

"சார். என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்."

"அடுத்த நம்பருக்குப் போன் பண்ணேன் மேடம்."

பேனா அதையும் எழுதியது.

8

வெளியே வெயில். வசந்தா எனக்குச் சோடா வாங்கி வந்தார். உதடு கிழிந்திருந்ததால் பாதி சட்டையில் போனது. வழக்குப் பதிவாகிவிட்டது. தாயும் மகளும் தங்கை வீட்டிலேயே இருக்கலாம், அரியமங்கலத்துக்குப் போக வேண்டியதில்லை. நன்றி சொல்வார்களோ என்று ஒரு பயம் எனக்கு இருந்தது. நல்லவேளை, யாரும் சொல்லவில்லை.

ஆரோக்கியம் என் வலது பக்கமாக வந்து நின்றார். எனக்கும் இப்போது அந்தப் பக்கம்தான் கேட்டது.

"உள்ள சொன்னீங்களே சார், அடுத்த நம்பர்னு. அது யாரு?"

"ஞாபகம் இல்லம்மா."

"எனக்கு அப்புறம் எத்தனை பேருக்குப் பண்ணீங்க?"

"ஏழு."

"எல்லாம் பொம்பளைங்களா?"

"ஆமா."

"அந்த ஜோக்கை அவங்ககிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வசந்தாவின் பக்கம் திரும்பினார்.

"அந்த லிஸ்ட்டு இருக்காக்கா?"

வசந்தா பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, ஐந்தாவது எண்ணை அழுத்தினார். ஆரோக்கியம் பக்கத்திலேயே நின்றார். மணி வெகுநேரம் போனது. யாரோ எடுத்தார்கள். வசந்தா போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க."

போனேன்.